பூட்டு இல்லாத கத்தி

2007 ஜூலை 3, செவ்வாய்க்கிழமை மாலை, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஓர் இரும்புச் சாமான் கடையில், குணா என்ற மீனவனுக்கு மூன்று மடக்குக் கத்திகள் காட்டப்பட்டன.

கடைக்காரர் பத்ரிநாராயணன் முதல் கத்தியின் பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினார். குணா கையை நீட்டவில்லை.

"கீழ வைங்க சார்."

"பிடிச்சுத்தான் பாரேன்ப்பா. கடிக்காது."

"வைங்க சார். நான் எடுத்துக்கிறேன்."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி வெண்ணிலா சமாதானம் சொன்னாள். "எங்காளுங்க கத்திய கைக்குக் கை வாங்க மாட்டாங்க சார். வாங்குனா ரெண்டு பேருக்கும் பகையாயிடும்."

"எனக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் என்னம்மா பகை வரப்போறது? நான் இன்னும் விலையே சொல்லலையே" என்று சிரித்தபடி அவர் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். குணா எடுத்துக்கொண்டான்.

அவர்கள் செம்மஞ்சேரியிலிருந்து வந்திருந்தார்கள். சுனாமியில் குப்பத்து வீடு போன பிறகு அரசு அங்கே ஓர் ஒற்றை அறை வீடு கொடுத்திருந்தது. படகு மட்டும் பழைய குப்பத்துக் கரையிலேயே கிடந்தது. முன்பு வீட்டு வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடல். இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு மணலில் இறங்கிப் போகிறவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இப்போது அதே கத்தியோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது.

முதல் முறை போலீஸ்காரர்கள் அவனுடைய மீன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை பகல் முழுதும் ஸ்டேஷன் தரையில் உட்காரவைத்து, போட்டோ எடுத்து, கைரேகை பதிந்துகொண்டு, "மூணாவது தபா பிடிச்சா கேஸுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் குணா கத்தி இல்லாமல் படகேறினான். அன்றைக்கு வலை விடும்போது, ஓடுகிற கயிறு வெண்ணிலாவின் அப்பா துலுக்காணத்தின் இடது கையைச் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் குணாதான். அவன் இடுப்பைத் தடவினான். ஒன்றும் இல்லை. படகின் பின்பக்கம் எஞ்சினைப் பிடித்திருந்த தனசேகர் ஓடிவந்து தன் கத்தியைப் பலகையில் வைத்தார். குணா அதை எடுத்துக் கயிற்றை அறுத்தான். அதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த அவசரத்திலும் கத்தியைப் பலகையில் வைத்துத்தான் எடுத்தார்கள் என்பதை அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை.

படகு தனசேகருடையது. குணாவுக்கும் மாமனாருக்கும் அதில் பங்கு. மாமனார் இனிக் கயிறு பிடிக்க முடியாது. குணாவிடம் தனசேகர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "புதன்கெழம கத்தியோட வா. இல்லாட்டி வராத. நான் வேற ஆள் போட்டுக்கிறேன்."

"ஒரு கத்தி வாங்கி உன் வூட்லயே வெச்சிடறேண்ணா. வரச்சொல்ல எடுத்துக்கிறேன்."

"உன் கத்தி என் வூட்ல தங்கலாமாடா? ஏற்கெனவே நேரம் செரியில்ல. அதெல்லாம் வாணாம்."

கரையில் கிடக்கும் படகில் விட்டுவைத்தால் விடிவதற்குள் காணாமல் போய்விடும். ஆகவே போலீஸ்காரர் கண்ணுக்குக் கத்தியாகத் தெரியாத, கடலில் கத்தியாக இருக்கிற ஒரு கத்தி வேண்டும். நாளைக்குள் வேண்டும்.

மடக்குக் கத்தி என்பது வெண்ணிலாவின் யோசனை. அவள் சிட்லபாக்கத்தில் ஞானஜோதி டீச்சர் வீட்டில் வேலை செய்தாள். டீச்சரின் கணவர் எலியேசர் ஓய்வு பெற்ற அதிகாரி. அவருடைய சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன மடக்குக் கத்தி இருக்கும். கொம்புப் பிடி. அதில் அவர் ஆப்பிள் நறுக்குவார், தபால் உறை பிரிப்பார், செடியில் காய்ந்த இலையை வெட்டுவார். மின்சார ரயிலில் போவார், பேங்குக்குப் போவார்.

"அதோடவே ஸ்டேஷன் வாசல்ல நின்னு பேசிகினு இருந்தாருய்யா. போலீஸ்காரன் வணக்கம் வெக்கிறான்" என்று அவள் நேற்று சொன்னாள். "அந்த மாதிரி கத்தின்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பத்ரிநாராயணன் காட்டிய முதல் கத்தியில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. குணா அமுக்கினான். அலகு சட்டென்று வெளியே பாய்ந்தது. வெண்ணிலா ஓரடி பின்னால் போனாள்.

"யோவ், இத்த எடுத்துகினு போனா ஸ்டேஷன்லயே பாய் போட்டுப் படுத்துக்க வேண்டியதுதான். வையி கீழ."

இரண்டாவது நீளமானது. அலகை விரித்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து பூட்டிக்கொண்டது. எவ்வளவு அழுத்தினாலும் மடங்கவில்லை. குணா சட்டைப் பையிலிருந்து ஆறு முழம் நைலான் கயிற்றை எடுத்தான், வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். ஒரு முனையைக் காலில் மிதித்து, மறு முனையைப் பல்லில் கடித்து, ஒரே இழுப்பில் அறுத்தான். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கைக்கு அது பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"நல்ல கத்திதான்" என்றார் பத்ரிநாராயணன். "ஆனா நீ போலீஸ் தொல்லைன்னு சொன்னியே தம்பி. பூட்டிக்கிற கத்தின்னா குத்தறதுக்குன்னு எழுதிடுவா. போன மாசம் ஒரு பையன் இதே மாதிரி வாங்கிண்டு போய், திருப்பிக் கொடுக்க வந்தான். நான் வாங்கிக்கலை."

குணா அதைக் கீழே வைத்தான். உடனே வைக்கவில்லை.

மூன்றாவது பழைய சரக்கு. மரப் பிடி, இரண்டு பக்கமும் பித்தளைக் குமிழ், ஒரே அலகு. மடக்கினால் உள்ளங்கையில் மறைந்துவிடும். பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு பட்டை வில் இருந்தது. அலகை விரித்தால் அதன் அழுத்தத்தில் நிற்கும், அலகின் முதுகில் அழுத்தினால் மடங்கிவிடும். விரிப்பதற்கு அலகின் மேல் நகம் நுழைகிற அளவு ஒரு பள்ளம்.

"இது நம்ம காலத்து ஆபீசர்லாம் வெச்சிண்டிருந்தது. பழம் நறுக்க, பென்சில் சீவ. இதைப் பார்த்து எவனும் பயப்படமாட்டான்."

"சாரு வெச்சிருக்கறது இதே மாதிரிதான்" என்றாள் வெண்ணிலா.

"தண்ணி கொஞ்சம் குடுங்க சார்" என்றான் குணா.

பத்ரிநாராயணன் குடிக்கத்தான் என்று நினைத்துச் செம்பைக் கொடுத்தார். குணா அதில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு கத்தியை எடுத்தான். நகம் பள்ளத்திலிருந்து வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். வில் கெட்டியாக இருந்தது. கடைசியில் திறந்தது.

"பொண்ணு பார்க்க வந்தவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான்" என்றார் பத்ரிநாராயணன்.

குணா கயிற்றின் மிச்சத்தை மிதித்துக் கடித்து அறுக்கத் தொடங்கினான். இழுத்தவரை அறுந்தது. பாதியில் கயிறு சிக்கி அவன் கத்தியை முன்னால் தள்ளியபோது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. ஆழமில்லை. வெண்ணிலா முந்தானையால் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூட்டுக் கத்தி பக்கத்திலேயே கிடந்தது.

"இழுத்தே அறுத்தா மடங்காது" என்றான் குணா. அவளுக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா என்று சொல்ல முடியாது. "இத்தக் குடுங்க சார்."

பத்ரிநாராயணன் பழைய செய்தித்தாளில் கத்தியைச் சுற்றி, இந்த முறை தானாகவே கண்ணாடிமேல் வைத்தார்.

வீட்டில் துலுக்காணம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குணா வாளியில் தண்ணீர் நிரப்பி, கைகளை உள்ளே விட்டு, கத்தியைத் திறந்து திறந்து மூடினான். இடது கையால் பிடித்து வலது நகத்தால், வலது கையால் பிடித்து இடது நகத்தால். கண்ணை மூடிக்கொண்டும் திறந்து பார்த்தான். கட்டைவிரல் நகம் ஓரத்தில் பிய்ந்தது.

"கயிறு கையைப் புடிச்சிகினா, ரெண்டு கைக்கு எங்க போவ?" என்றார் துலுக்காணம்.

"பல்லு கீதே மாமா."

"ஆமா, பல்லு."

வெண்ணிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

"டேய், எங்கடா போற?"

குணா வாளியிலிருந்து நிமிர்ந்தான்.

"சொல்லுய்யா, நான்தான் போலீஸ்காரன். பாக்கெட்ல இன்னா?"

"கத்தி சார். பழம் நறுக்க."

"பழம் எங்கடா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனை வண்டியில் இரண்டு கொய்யாப்பழம் வாங்கி வந்தாள்.

"கடலுக்குப் போறவன் கொய்யாக்கா நறுக்கித் துண்ணப் போறானாம்" என்றார் துலுக்காணம். "எதுக்குப் பொய்யி? மீன் புடிக்கிறவன், வலை அறுக்கக் கத்தின்னு சொல்றது?"

"போன தபா அத்தத்தான் சொன்னேன் மாமா. இங்க எங்கடா கடலு கீதுன்னு கேட்டான்."

வெண்ணிலா மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டாள். எங்கே போகிறாய், பையில் என்ன, கத்தி எதற்கு. அவன் தடுமாறாமல் சொல்லும்வரை கேட்டாள். கத்தியைக் கேட்டால் எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவளும் அதே குப்பத்தில் பிறந்தவள்.

புதன்கிழமை மதியம் குணா கிளம்பினான். தனசேகர் மாலையில் வலை விடப் போவார்; மூன்று மணிக்குள் கரையில் நிற்கவேண்டும். மடக்கிய கத்தி சட்டைப் பையில் இருந்தது, எலியேசர் சார் வைத்திருப்பதுபோல. பேனா வைத்தால் இன்னும் நல்லது என்று வெண்ணிலா ஒரு பேனாவையும் செருகியிருந்தாள். கையில் கொய்யாப்பழப் பை.

இரண்டு வாரம் முன்பு அந்தப் பக்கத்தில் ஒரு கொலை நடந்திருந்தது. சாவடியில் ஷேர் ஆட்டோக்களை நிறுத்தி ஆண்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமைக் காவலர் ஒருவர் விசாரித்தார், இளைய காவலர் ஒருவர் லத்தியோடு பக்கத்தில் நின்றார். வெயில் கடுமையாக இருந்தது. தலைமைக் காவலர் கைக்குட்டையைத் தொப்பிக்கு அடியில் வைத்திருந்தார்.

"எங்கப்பா வூடு?"

"செம்மஞ்சேரி சார்."

"பாக்கெட்ல என்ன?"

"பேனா சார். கத்தி சார், பழம் நறுக்க."

"பழமா?"

குணா பையைத் திறந்து காட்டினான். தலைமைக் காவலர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொய்யாவை எவன்டா நறுக்கித் திங்கிறான்? பல்லு இல்லையா உனக்கு?" ஆட்டோவில் உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். குணாவும் சிரிக்க முயன்றான். ஆட்டோக்காரர் எஞ்சினை மறுபடி கிளப்பினார்.

"சரி, கொடு, பார்க்கலாம்" என்று தலைமைக் காவலர் கையை நீட்டினார்.

குணா பையிலிருந்து கத்தியை எடுத்தான். குனிந்து, அதை அவருடைய காலணிக்கு முன்னால் தார்ச் சாலையில் வைத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான்.

தலைமைக் காவலரின் கை நீட்டியபடியே இருந்தது. ஆட்டோவில் சிரிப்பு நின்றது.

"என்னடா இது? கீழ போட்டா நான் குனிஞ்சு பொறுக்கணுமா?"

"அய்யோ, இல்ல சார். கையில குடுக்கக் கூடாது சார்."

"ஏன் கூடாது?"

"குடுத்தா உங்களுக்கும் எனக்கும் பகையாயிடும் சார். அப்புறம் ரத்தம் பாக்காம வுடாது."

"யாரு ரத்தம்டா? மிரட்டுறியா? யாரைப் பார்த்துப் பேசுற?"

வெண்ணிலா சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. குணா ஆட்டோவைப் பார்த்தான், தலைமைக் காவலரின் முகத்தைப் பார்த்தான். கரையில் தனசேகர் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம். பகை வந்தால் வரட்டும் என்று அவன் முடிவு செய்திருக்கவேண்டும். பிறந்ததிலிருந்து செய்யாததை அப்போது செய்தான். அவசரமாகக் குனிந்து கத்தியை எடுத்து, "இந்தாங்க சார், கையிலயே" என்று அதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தான்.

இளைய காவலரின் லத்தி அவன் மணிக்கட்டில் விழுந்தது. கத்தி தெறித்து ஆட்டோவின் சக்கரத்தடியில் போய் விழுந்தது. அது மடங்கியே இருந்தது. கொய்யாப்பழங்கள் உருண்டன.

அதே ஆட்டோவில் இருந்த செம்மஞ்சேரிப் பெண் ஒருத்தி டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தாள். வெண்ணிலா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள். போனைக் கேட்டுவிட்டு டீச்சரிடம் நீட்டினாள். ஞானஜோதி டீச்சர் போனை வாங்கி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்று கணவரிடம் சொன்னார். எலியேசர் சட்டையை மாற்றிக்கொண்டு, வெண்ணிலாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அவருக்கு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வெண்ணிலா கதவோரம் நின்றாள். உள்ளே குணா வீங்கிய மணிக்கட்டை மற்றக் கையில் தாங்கியபடி தரையில் உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது.

"இந்தப் பொண்ணு எங்க வீட்ல வேலை செய்யறா. நல்ல குடும்பம்" என்றார் எலியேசர். "அவன் வெச்சிருந்தது சாதாரணப் பேனாக்கத்தி. நானே அது மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். இதோ."

சட்டைப் பையிலிருந்து கொம்புப் பிடிக் கத்தியை எடுத்துத் தலைமைக் காவலரின் கையில் கொடுத்தார். தலைமைக் காவலர் அதை வாங்கி, நகத்தால் விரித்துப் பார்த்து, மடக்கி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பழைய காலத்துப் பொருளா சார்? நல்லா இருக்கு."

"அவனுதும் இதே மாதிரிதானே?"

"கத்தி இதே மாதிரிதான் சார். அவன் அதை எடுத்துக்கிட்டு என் மேல வந்தான். ரத்தம் பார்க்காம விடமாட்டேன்னான். ரோட்ல அத்தனை பேர் பார்த்தாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை கத்தியோட பிடிச்ச ஆளு வேற. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு சார், என் கையில இல்ல."

வெண்ணிலா கதவோரத்திலிருந்து கேட்டாள். "சார், அவரு உங்க கையிலயா குடுத்தாரு?"

"கையிலதான்மா நீட்டினான். கையில கத்தியோட."

அவள் உள்ளே குணாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எலியேசர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். ஒரு வக்கீலின் பெயரைச் சொன்னார், தெரிந்த ஒரு பெரிய அதிகாரியின் பெயரைச் சொன்னார். தலைமைக் காவலர் மரியாதையாக எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு எலியேசர் எழுந்து வெளியே வந்து, "காலையில கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஜாமீன் பார்க்கலாம்மா, கொஞ்சம் நாளாகும்" என்றார். கத்தி அவருடைய சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. வெண்ணிலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை, ஆயுதம் வைத்திருந்ததாகவும் காவலரைப் பணி செய்யவிடாமல் மிரட்டித் தாக்க வந்ததாகவும் பதிவான வழக்கில் குணா மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு, பதினைந்து நாள் காவலில் வைக்கப்பட்டான். அன்று மாலை தனசேகரின் படகு வேறொரு ஆளுடன் கடலுக்குப் போனது.